வந்தவர் வாக்கும் இருந்தவர் வாக்கும்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இரவு, மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி விரைவு வண்டி, கவரைப்பேட்டை நிலையத்தில் நேர்ப்பாதையை விட்டுக் கிளைப்பாதையில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின்மீது மோதியது. பெட்டிகள் பல தடம் புரண்டன, தீயும் பற்றியது. இறையருளால் உயிரிழப்பு நேரவில்லை. ஆயுத பூசை நாளான அன்று, வண்டியில் இருந்தோருள் பெரும்பாலோர் விழாவுக்காகவோ வேலை முடிந்தோ வடக்கே வீடு திரும்பியவர்கள். இருட்டில் தண்டவாளத்தருகே ஓடிச்சென்று அவர்களை இறக்கிக் கைப்பிடித்து அழைத்து வந்தவர்களில் சுற்றுப்புறத்து மக்களும் இருந்தனர். பயணிகளைத் திருமண மண்டபத்தில் அமர்த்தி, உணவும் நீரும் கொடுத்து, மறுநாள் விடியுமுன் சென்னையிலிருந்து வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அடிபட்டவனிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அந்த இரவும் கேட்கவில்லை.

நல்ல சமாரியர் உவமையை நாம் ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்கிறோம். குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு மனமிரங்கியவர், காயங்களைக் கட்டி, தம் விலங்கின்மீது ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டுப் போகிறார். உவமை அத்தோடு நின்றுவிடுகிறது. காயப்பட்ட இரவில் நாம் செய்ய வேண்டியதை அது ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. ஆனால் விடிந்த பிறகு? அந்த மனிதன் குணமாகி, அவ்வூரிலேயே தங்க முடிவு செய்து, கூலி வேலைக்குச் சேர்ந்து, வீடு வாடகைக்குக் கேட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, இறுதியில் ஒருநாள் வாக்காளர் பட்டியலிலும் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்டால், சத்திரக்காரரும் ஊராரும் என்ன விடை சொல்ல வேண்டும்? இரக்கத்தின் கேள்வி அங்கே முடிந்து, நீதியின் கேள்வி தொடங்குகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இன்று தேர்தலுக்குத் தேர்தல் இக்கேள்வியிலேயே பிளவுபட்டு நிற்கின்றன. அதைத் தொலைதூரத்துச் சண்டை என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பேருந்தில் ஒருமுறை சென்று வந்தாலே அதன் எல்லாக் கூறுகளையும் கண்ணால் காணலாம்.

இது பழைய எல்லை நாடு. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அளவில்தான் இருக்கிறது. கவரை என்பதே தெலுங்கு வழி வணிக மரபினர் ஒருவருக்கு வழங்கும் பெயர். ஊர்ப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் என்றோ வந்து குடியேறியவர்களின் நினைவு நம் நாவில் புரள்கிறது. இன்றைக்கும் இப்பகுதிச் சந்தையில் தமிழும் தெலுங்கும் ஒரே பேரத்துக்குள் மாறி மாறி வரும். அவர்களை யாரும் வந்தவர் என்று எண்ணுவதில்லை, அவர்களும் எண்ணுவதில்லை. காலம் அவர்களை இருந்தவர் ஆக்கிவிட்டது.

காலம் எல்லாருக்கும் அப்படிக் கருணை காட்டுவதில்லை. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது; தமிழகத்து முகாம்களில் பெரியவற்றுள் ஒன்று. 1983 கலவரத்திற்குப் பின் போர்க்காலம் முழுவதும் அலையலையாய்க் கடல் கடந்து வந்தவர்கள் 3 இலட்சத்திற்கும் மேல். 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி முகாம்களில் சுமார் 58,000 பேரும் வெளியே சுமார் 34,000 பேரும் எஞ்சியிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. பெயர் மாறியது நன்றே. ஆனால் அங்கே பிறந்து, இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்து, தமிழ்த்தாய் வாழ்த்தும் நாட்டுப்பண்ணும் பாடி வளர்ந்து, தாமே பெற்றோரும் ஆகிவிட்ட தலைமுறை ஒன்று இன்னும் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லர். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் சட்டம் இன்னும் இறுகியது. முகாமுக்குக் கூட்டம் கூட்டமாய் மக்கள் வந்ததும் சட்டக் கதவு சாத்தப்பட்டதும் ஏறக்குறைய ஒரே காலத்தில். அந்தத் தேதிக்கு முன் பிறந்த பெண் ஒருவர் உயர்நீதிமன்றம் சென்று தம் உரிமையை நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தது செய்தி ஆயிற்று. ஒருவர் வாக்களித்ததே செய்தி என்றால் மற்றவர் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

2019இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களுக்கு உதவவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வேறு சில சமயத்தாருக்கும் அது வழி திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. முகாமில் சிவன் கோயிலும் மாதா கெபியும் அருகருகே இருந்தென்ன பயன்!

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும், மாவட்டமெங்கும் உள்ள செங்கற்சூளைகளிலும், கட்டடப் பணிகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாம் மாநிலத்துத் தொழிலாளர். முகாமில் உள்ளவருக்கு நம் மொழி உண்டு, வாக்கில்லை. இவர்களுக்கு வாக்குண்டு, நம் மொழியில்லை. அந்த வாக்கும் ஆயிரம் கல் தொலைவில் கிடக்கிறது. தேர்தல் நாளன்று சொந்த ஊர் போய்வர மூன்று நாள் கூலியும் வண்டிக் கட்டணமும் வேண்டும்; வேலையும் நிலைக்குமா என்பது ஒப்பந்தக்காரரின் மனத்தைப் பொறுத்தது. வெளியூரில் இருந்தபடியே வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 சனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முனைந்தது, கட்சிகள் ஒப்பவில்லை.

சரி, வேலை பார்க்கும் ஊரிலேயே பெயரைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்பீர்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வழக்கமாக வசிக்கும் இடமே வாக்குக்குரிய இடம். ஆயினும் 2025 ஆகஸ்டில், பீகார் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் சுமார் 65 இலட்சம் பெயர்கள் விடுபட்ட செய்தி வந்தபோது, அவர்களில் பல இலட்சம் பேர் தமிழகத்தில் சேர்க்கப்படுவர் என்றொரு அச்சம் இங்கே எழுந்தது. சொல்லப்பட்ட எண்ணிக்கையைத் தேர்தல் ஆணையம் மறுத்தது. அச்சம் என்னவோ அடங்கவில்லை. 'வந்தவன் எல்லாம் ஓட்டுப் போட்டால் நம் ஆட்சியை அவனல்லவா முடிவு செய்வான்' என்ற பேச்சைத் தேநீர்க் கடையில் மட்டுமல்ல, ஆலய முற்றத்திலும் கேட்க முடிந்தது. பிறகு தமிழகத்திலேயே திருத்தம் நடந்து, 2025 டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 இலட்சம் பெயர்கள் இல்லையென்று ஆனபோது, இடம் மாறியவர் பட்டியலில் நம்மவரே மிகுதியாய் இருந்தனர். வேலைக்காகவும் வாடகைக்காகவும் வீடு மாறுவது பீகாரியின் தனிப்பழக்கம் அன்று என்பது அப்போது விளங்கியது.

பெயர்ப் பதிவுக்காகச் சொந்த ஊருக்குப் போகச் சொல்லும் வழக்கம் புதிதும் அன்று. லூக்கா நற்செய்தியில் நாசரேத்துத் தச்சர் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியோடு முன்னோர் ஊருக்கு நடந்ததும் அகுஸ்து சீசரின் பதிவுக் கட்டளைக்காகத்தான். ஆண்டவரின் பிறப்பு ஒரு குடிக்கணக்கின் இடைஞ்சலுக்குள் நிகழ்ந்தது என்பதை நாம் கிறிஸ்மஸ் குடிலின் அழகில் மறந்துவிடுகிறோம்.

வந்தவரின் வாக்கைக் கண்டு அஞ்சுவது என்னும் இந்த நோய் தமிழருக்குத் தெரியாத நோயா? அந்த அச்சத்தின் முழு விலையையும் கொடுத்தவர்கள் தமிழர்களே. மேலைநாட்டு வாதங்களில் இறங்குமுன் 1947ஆம் ஆண்டு இலங்கைத் தேர்தலை நினைத்துப் பார்ப்பது நல்லது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வழித் தமிழர்களுக்கு அப்போது வாக்குரிமை இருந்தது. தங்கள் மக்கள் மிகுந்திருந்த தொகுதிகளில் அவர்கள் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு வாக்களித்தனர். சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்றது அத்தேர்தலில்தான். தாங்கள் சிறுபான்மையாக இருந்த தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கு வாக்களித்தனர். இன்றைய வழக்கில் சொன்னால், உத்தியோடு அளித்த வாக்கு. விளைவாக டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு, தேர்தல் நடந்த 95 இடங்களில் 42தான் கிடைத்தன.

1948 பிப்ரவரி 4இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கொண்டுவா என்றது அது. பிறப்புப் பதிவே வழக்கில் இல்லாத காலத்தில், லயன் அறையில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழுக்கு எங்கே போவது? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டுச் சட்டம் அவர்களின் வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் மலையகத் தமிழருக்கு நாடாளுமன்றத்தில் ஒரு பிரதிநிதியும் இல்லை. சட்டத்தின் சொற்களில் பரம்பரை, பதிவு, வசிப்பிடம் என்பன இருந்தன. அதன் நோக்கத்தில் 1947இன் வாக்கு எண்ணிக்கை பெரும்பங்கு வகித்தது என்பதே வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. ஒரு மக்கள் வாக்களித்த விதம் பிடிக்கவில்லை என்பதற்காக அவர்கள் மக்களே அல்லர் என்று ஆக்கப்பட்டனர்.

இதில் நம் நெஞ்சைக் கூடுதலாக உறுத்துவது வேறொன்று. வடக்கிலிருந்த தமிழ்க் காங்கிரஸ் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது. ஆனால் அதே 1948ஆம் ஆண்டிலேயே அக்கட்சியின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். உள்ளிருந்து நன்மை செய்யலாம் என்பது அவர் வாதம். அதுவும் ஓர் உத்திதான். அதை ஏற்காத எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத்தார் முறை, நாளை மொழியின் வடிவில் நம் முறை என்பது அவர் எச்சரிக்கை. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அதை மெய்ப்பித்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், வாக்கில்லாத அந்த மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்கும், மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று பிரித்துக்கொண்டது. அம்மக்களை யாரும் கேட்கவில்லை. வாக்கில்லாதவரை எதற்குக் கேட்பது? அப்படி வந்தவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். அவர்களை இங்கே சிலர் 'சிலோன்காரன்' என்றார்கள். அங்கே அவர்கள் 'இந்தியாக்காரன்' என்று பெயர் வாங்கியிருந்தார்கள்.

உத்தியோடு வாக்களிப்பது ஒழுக்கத்திற்கு ஒத்ததா என்ற கேள்விக்கு வருவோம். மனச்சாட்சியை மதிக்கும் பொதுநிலையினர் பலரும் கேட்கும் கேள்வி இது. நம் மக்களின் பேச்சில் அதற்கு எளிய வடிவமும் உண்டு: 'ஜெயிக்கிற ஆளுக்குப் போடு, ஓட்டை வீணாக்காதே.' எதிர்ப்பக்கத்தில் இருப்போர், வாக்கு என்பது ஒருவகைச் சாட்சியம். நம்பாத ஒருவருக்கு அதை அளிப்பது பொய்ச்சாட்சி என்பர்.

இலங்கைத் தமிழர் இக்கேள்வியின் கொடுமையான வடிவத்தைச் சந்தித்தவர்கள். 2005 அதிபர் தேர்தலில் வடக்கில் புறக்கணிப்பு திணிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த வேறுபாட்டில் வென்றார். பின் நடந்தது உலகறியும். 2010 சனவரியில் அவரை எதிர்த்து நின்றவர், எட்டு மாதங்களுக்கு முன்புவரை போரை நடத்திய படைத்தளபதி சரத் பொன்சேகா. யாழ்ப்பாணத்தில் சாவடிக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் அவருக்கே வாக்களித்தனர். தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார், குண்டு வீசிய படையின் தலைவரது சின்னத்தின் எதிரே புள்ளடி இட்டதை நாம் எப்படி மதிப்பிடுவது? 2015இல் அதே மக்கள், ராஜபக்சவின் அமைச்சரவையிலிருந்து பிரிந்து வந்த மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தனர். அவர் 51 விழுக்காட்டோடு வென்றார். அந்த வெற்றியை ஆக்கியது சிறுபான்மையினர் வாக்கு என்பதில் ஐயமில்லை.

பொய்ச்சாட்சி என்னும் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு விடை பொய்யா மெய்யா என்பது கேட்கப்பட்ட கேள்வியைப் பொறுத்தது. வாக்குச்சீட்டு 'யாரை நேசிக்கிறாய்' என்று கேட்பதில்லை. 'யாரை நம்புகிறாய்' என்றுகூடக் கேட்பதில்லை. 'இவர்களுள் யார் ஆள வேண்டும்' என்றுதான் கேட்கிறது. அந்தத் தாய் சொன்ன விடை, கேட்ட கேள்விக்கு உண்மையான விடையே. 1995இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வாழ்வின் நற்செய்தி பற்றிய சுற்றுமடலில், தீய சட்டமொன்றை முற்றாய் நீக்க முடியாதபோது அதன் தீமையைக் குறைக்கும் திருத்தத்தை ஆதரிக்கும் சட்டமன்ற உறுப்பினர் தீமைக்கு உடன்பட்டவர் ஆகார் என்று விளக்கினார். தம் எதிர்ப்பு ஐயத்திற்கிடமின்றி எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை வாக்காளருக்கும் பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். தீமையைத் தடுக்க ஒருவருக்கு வாக்களித்த பின், அவர் குறையைச் சொல்லக் கூசி வாயடைத்துப் போனால், அல்லது அவரையே மீட்பராகக் கொண்டாடத் தொடங்கினால், பொய் அங்கேதான் நுழைகிறது. சாவடியில் நேர்மை கெடுவது அரிது. சாவடியை விட்டு வெளியே வந்த பின்னரே பலமுறை கெடுகிறது.

புனித பவுலையே பாருங்கள். எருசலேமின் தலைமைச் சங்கத்தில் நிறுத்தப்பட்டபோது, எதிரிலிருப்போரில் பாதி சதுசேயர், பாதி பரிசேயர் என்று கண்டுகொண்டு, உயிர்த்தெழுதல் பற்றிய தம் நம்பிக்கையை உரக்கச் சொல்லிச் சபையை இரண்டாக்கினார். உரோமைக் குடியுரிமையைச் சாட்டையடிக்கு முன் எடுத்துக் காட்டினார், சீசரிடம் முறையிட்டார். உத்தி என்றால் இவை உத்திதான். ஆயினும் அவர் சொன்னதில் பொய் இல்லை; தப்பிப்பதற்காக யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

பிரான்சு நாட்டில் இவ்வழக்கம் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. 2002இல் குடியேறியோரை எதிர்த்த லெ பென் இறுதிச் சுற்றுக்கு வந்தபோது, இடதுசாரிகள் தமக்குப் பிடிக்காத சிராக்குக்கு வாக்களித்து அவரை 82 விழுக்காட்டில் வெல்லச் செய்தனர். 2024இல் லெ பென் மகளின் கட்சி முதற்சுற்றில் முந்தியபோது, 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தாமே விலகி வாக்குகளை ஒருமுகப்படுத்தினர். அக்கட்சி மூன்றாம் இடத்துக்குச் சென்றது. தடுப்புக்காகவே வாக்களித்துப் பழகிய மக்களுக்கு ஒரு குறையும் உண்டு. எதை வேண்டாமென்கிறோம் என்பது மட்டும் தெரிந்து, எதை வேண்டுகிறோம் என்பது பேசப்படாமலே போய்விடுகிறது. குடியேறியோரின் வேலை, குடியிருப்பு, பள்ளி பற்றிய கேள்விகள் தேர்தலுக்குத் தேர்தல் அப்படியே திரும்பி வருகின்றன. பிரித்தானியாவிலோ, நம்முடையதைப் போன்றே தொகுதியில் முந்துபவர் வெல்லும் முறை. 2024இல் தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கைக் கொண்டே 650இல் 410க்கும் மேற்பட்ட இடங்களைப் பெற்றது. அத்தகைய முறையில் கணக்குப் பார்க்காமல் வாக்களிப்பது துறவறம்போல் உயர்ந்ததாயிருக்கலாம்; எல்லார்மேலும் சுமத்தக் கூடியதன்று.

ஆனால் உத்தி வாக்குக்கு ஓர் எல்லை உண்டென்றே நாம் கருதுகிறோம். அதை 1948 நமக்குக் காட்டுகிறது. நம் இழப்பைக் குறைக்க நாம் கணக்குப் பார்க்கலாம். நம் இலாபத்துக்கான விலையை, அக்கணக்கில் குரலே இல்லாத ஒருவர் தலையில் கட்டலாகாது. வாக்குள்ளவர் ஒவ்வொருவரும் வாக்கில்லாத சிலரின் பொருட்டும் வாக்களிக்கிறார்: குழந்தைகள், சிறையில் இருப்போர், முகாமில் இருப்போர், ஊர் போக முடியாத தொழிலாளி. அரசியல்வாதி அவர்களை எண்ண மாட்டார். எண்ணுவதால் அவருக்குப் பயனில்லை. ஆகவே எண்ணும் கடமை வாக்காளரிடம் வந்து சேர்கிறது. மேலைநாடுகளில் இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு: முன்னே ஏறியவர் பின்னே வருபவர் ஏறாதபடி ஏணியை இழுத்துக்கொள்வது. 2022இல் புகலிடம் கேட்டோரைப் பிரித்தானியாவிலிருந்து ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை அறிவித்த உள்துறை அமைச்சர், உகாண்டாவிலிருந்து வந்த இந்தியக் குடும்பத்தின் மகள். அவருக்குப் பின் அத்திட்டத்தைத் தூக்கிப் பிடித்தவர், மொரீசியசுத் தமிழ் வழித் தாயின் மகள். 2024இல் வந்த புதிய அரசு அதைக் கைவிட்டது.

மறுபக்கத்தாரின் குறையையும் கேட்க வேண்டும். அவர்களெல்லாம் கல்நெஞ்சர் என்று எழுதிவிடுவது எளிது, நேர்மையன்று. சிப்காட் பகுதியில் உள்ளூர் இளைஞருக்கு வேலையில்லை, ஒப்பந்தக்காரர் குறைந்த கூலிக்கு வடக்கிலிருந்து ஆள் இறக்குகிறார் என்ற மனக்குறை வெறும் பகைமையால் பிறந்ததன்று. ஆனால் கூலியைக் குறைப்பவர் யார்? 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டமே, அதே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளி பெறும் கூலியை வந்தவருக்கும் தரவேண்டும் என்றது. அது நடைமுறையில் இருந்திருந்தால் வந்தவர் மலிவாயிருந்திருக்க மாட்டார். இருந்தவரும் விலக்கப்பட்டிருக்க மாட்டார். வாக்கில்லாத தொழிலாளிக்காகச் சட்டமன்றத்தில் யாரும் எழுவதில்லை. அதனால்தான் அவர் மலிவு. அவர் மலிவாயிருப்பதால் நம் பிள்ளைக்கு வேலையில்லை. சங்கிலியின் இரு முனையும் இப்படித்தான் இணைந்திருக்கின்றன.

இதைக் காணாதபோது கோபம் கையில் கிடைத்தவர்மேல் பாய்கிறது. 2023 மார்ச்சில், இங்கே பீகாரிகள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது. அன்று அது பொய். 2025 டிசம்பரில் திருத்தணியில் வடமாநில இளைஞர் ஒருவரைப் பதின்ம வயதினர் அரிவாளால் வெட்டி, அதைக் கைப்பேசியில் படமும் பிடித்தது பொய்யன்று. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் செய்தது. இடையில் செப்டம்பரில் காட்டுப்பள்ளியில் தொழிலாளி ஒருவர் தவறி விழுந்து இறந்தபோது, இழப்பீடு கேட்டு எழுந்த கூட்டம் காவலர்மேல் கல்லெறிந்ததும் உண்டு. பேச மொழியில்லை, முறையிடச் சங்கமில்லை, வாக்கில்லை. பின் கல் ஒன்றுதானே கைக்குக் கிடைக்கும் என்று விளங்கிக்கொள்ளலாம். நியாயப்படுத்த வேண்டியதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2241ஆம் பத்தியில் இருபக்கக் கடமையைச் சொல்கிறது. வளமான நாடுகள் தம்மால் இயன்ற அளவு அந்நியரை ஏற்க வேண்டும். வந்தவர் ஏற்ற நாட்டின் மரபை மதித்து, அதன் சட்டத்துக்குப் பணிந்து, அதன் சுமையிலும் பங்கேற்க வேண்டும். 'இயன்ற அளவு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வோர் ஒருபுறம், 'ஏற்க வேண்டும்' என்பதைப் பிடித்துக்கொள்வோர் மறுபுறம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், வரவேற்றல், காத்தல், மேம்படுத்தல், ஒன்றிணைத்தல் என்ற நான்கு வினைகளை ஒருசேரச் சொல்லிவந்தார். 2013இல் உரோமைக்கு வெளியே அவர் மேற்கொண்ட முதற்பயணமே கடலில் மாண்ட குடியேறிகளின் நினைவாக லாம்பதூசா தீவுக்கு. மேலைநாடுகளில் குறை, உறுப்புரிமை கொடுத்தும் ஒன்றிணைப்பு நிகழவில்லை என்பது. கும்மிடிப்பூண்டி முகாமிலோ ஒன்றிணைப்பு முற்றாய் நிகழ்ந்துவிட்டது, உறுப்புரிமைதான் வரவில்லை. மொழி, உணவு, திருமண உறவு, பள்ளி, வழிபாடு என எதில் அவர்கள் நம்மிடமிருந்து வேறுபடுகிறார்கள்? ஒன்றிணைந்தால் உரிமை தருவோம் என்று உலகெங்கும் சொல்லப்படும் வாக்குறுதி மெய்யாக இருந்தால், அவர்களுக்கல்லவா அது முதலில் நிறைவேறியிருக்க வேண்டும்!

2025 மே மாதத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகெங்கிலுமிருந்து வருவோரை ஏற்க இந்தியா என்ன தர்மசாலையா என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. தர்மசாலை என்றால் நம் மொழியில் சத்திரம். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஆகவே சட்டத்தின் சொல்லில் அந்தக் கேள்விக்கு இடமுண்டு. சில மாதங்களில், செப்டம்பர் தொடக்கத்தில், 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து நடுவணரசு விலக்கு அளித்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அந்த விலக்கு குடியுரிமை தரவில்லை. குற்றவாளி இல்லை என்றது, அவ்வளவே.

சிப்காட் தொழிலாளருள் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கர் பகுதியிலிருந்தும் வருவோரில் தலைமுறை தலைமுறையாய்க் கத்தோலிக்கரான பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். ஞாயிறு வேலை இல்லையேல் அருகிலுள்ள ஆலயத்தின் பின்வரிசையில் அவர்களைக் காணலாம். செபமாலையின் மணிகள் எந்த மொழியிலும் ஒரே எண்ணிக்கைதான். அதனால் அவர்கள் பிழையின்றிப் பங்கேற்கிறார்கள். அன்பியக் கூட்டங்களில் தெருத்தெருவாய்க் குடும்பக் கணக்கு எடுக்கும்போது, வாடகை அறையில் எட்டுப் பேராய்த் தங்கியிருக்கும் இவர்கள் குடும்பம் என்ற கட்டத்துக்குள் அடங்குவதில்லை. ஆகவே பங்கின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவேட்டில் ஒரு பக்கத்தை அவர்களுக்கென ஒதுக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டியதில்லை.

முகாமில் உள்ளவர்களுக்கும் நமக்கும் பொதுவான கட்டடம் ஒன்று உண்டு. தேர்தல்தோறும் வாக்குச்சாவடி அமைவது அரசுப் பள்ளியில். எந்த வகுப்பறையில் அவர்கள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இந்திய அரசியலமைப்பின் முகப்புரையைச் சமூக அறிவியல் பாடத்தில் படித்தார்களோ, அதே அறைக்கு நாம் அடையாள அட்டையோடு வரிசையில் போகிறோம். அன்று அவர்கள் சாலையின் மறுபுறம் நடந்து வேலைக்குப் போகிறார்கள்.